எந்த மாமா?

குடும்பத்தில் அவளுக்கு 'நூல்கண்டு' என்று பெயர். வைத்தது கணவன். பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை. உள்ளே யாராவது வாயைப் பிளந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் மேசைக்கடியில் இவளுடைய பின்னல் ஊசிகள் ஓடிக்கொண்டிருக்கும். சொந்தக்காரர்களில் அவள் கையால் ஒரு குல்லாயோ காலுறையோ ஸ்வெட்டரோ வாங்காமல் தப்பித்தவர் கிடையாது. பிடித்ததோ இல்லையோ, அவள் வருகிற நாளில் மட்டும் எல்லோரும் மறக்காமல் எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் விடமாட்டாள்.

ஒரு மதியம் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, மாமாவுக்குக் குளிரே தாங்கலை. ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடேன். மார்பு நாப்பத்திநாலு."

இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒன்பது வருடத்துக்கு முன் தங்கையின் கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமோ என்னமோ என்று அவர் இழுக்க, "வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்" என்று தங்கை போனை வைப்பதற்கு முன்பே வாயை விட்டுவிட்டாள். அவர் காதில் விழுந்துவிட்டது. வரவில்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சே இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது இவள்தான்.

இப்போது சின்னவளே இறங்கி வந்திருக்கிறாள்! காரணம் கேட்டால் முறுக்கிக்கொள்வாளோ என்று பயந்து எதுவும் கேட்கவில்லை. ஒல்லி மாமாவுக்கு நாற்பத்திநாலா என்று மட்டும் இடறியது. வயதானால் சதை போடாதா என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூன்று வாரத்தில் முடித்து, கூரியரில் அனுப்பினாள். உள்ளே ஒரு சீட்டு: 'மாமாவுக்கு. சின்னவள் சொன்னாள், பெரியவள் பின்னினேன்.'

நாலாம் நாள் தங்கை போனில் கேட்டாள்: "ஸ்வெட்டர் ஆச்சாக்கா? என் மாமனார் தெனம் கேக்கறார்."

மாமனார்! தங்கை அவரையும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். இவளுக்கு வாய்த்த மாமனார் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், அந்தச் சொல்லுக்கு இன்னொரு ஆள் உண்டு என்பதே புத்தியில் ஏறவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் தங்கை குதித்தாள். "அவருக்கா? நான் சொன்னேன்னு வேற எழுதினியா? நானே போய்க் கால்ல விழுந்த மாதிரி ஆயிடுச்சு!"

போன் படக்கென்று வைக்கப்பட்டது. இவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆள் மாறி வந்தது என்று தெரிந்தால் மாமா நொந்துபோவார். சொல்லாமல் விட்டால் தங்கை மன்னிக்கமாட்டாள். பிறந்த வீட்டுப் பக்கம் இருக்கிற இரண்டு பேரையும் ஒரே பார்சலில் தொலைத்துவிட்டோமே என்று நினைத்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை நேரிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள். பாதிச் சண்டையில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தவளும் தங்கைதான்.

மாமா நின்றிருந்தார். ஸ்வெட்டர் தோளிலிருந்து தொங்கியது, விரல் நுனிகூடத் தெரியவில்லை.

தங்கைக்குத்தான் வாய் நிற்காதே. "அது உங்களுக்குப் பின்னினது இல்ல மாமா. என் மாமனாருக்கு."

நூல்கண்டு ஓடிவந்து தங்கையின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"போட்டதுமே தெரிஞ்சுதும்மா" என்றார் அவர். "எனக்குள்ள இன்னொரு ஆளை வெச்சாதான் இது சரியா இருக்கும். அதான் திருப்பிக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"திருப்பிக் குடுக்க வந்தவர் எதுக்குப் போட்டுக்கிட்டு வந்தீங்க?"

மாமா தடுமாறினார். "இங்க வந்து சேர்ற வரைக்குமாவது எனக்குத்தான்னு இருக்கட்டுமேன்னு..." சொல்லிக்கொண்டே ஒரு கையை உருவப் போனார்.

தங்கை அந்தக் கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே நுழைத்துவிட்டாள். கண்ணும் மூக்கும் ஒழுகின. "கழட்டாதீங்க மாமா, குளிரும்." பிறகு அக்காவைப் பார்த்துக் கத்தினாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கறே? ஊசியை எடு. என் மாமனாருக்கு வேற பின்னு."

நூல்கண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது. சிரிப்பு வந்தது. ஒன்பது வருடம் ஒருவழியாக முடிந்துவிட்டது.