கடைசி சீட்டுக்கு ஒரு துண்டு

பஸ் ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஒரு சமுதாயத்துக்கு ஜனநாயகம் கிடைத்ததே ஒரு நிர்வாகக் கோளாறு என்று மன்சூர் அறிவித்தபோது, நாகமலை புதுக்கோட்டை பஸ் பெரியார் நிலையத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அழகுபாண்டி அதைத் தலையாட்டிக் கேட்டபடியே ஓடிப்போய், நகர்கிற பஸ்ஸின் ஜன்னலுக்குள் தன் கைக்குட்டையை எறிந்தான்.

"ஒரு முழத் துணிக்கு இந்த நாட்டுல பட்டா இருக்கு மாப்ள. அதுக்கு டிக்கெட் இல்ல, ஓட்டு இல்ல. ஆனா அது உக்காந்திருந்தா எந்திரின்னு சொல்ல ஒரு பயலுக்குத் தைரியம் இல்ல."

"கரெக்ட்டு மாப்ள," என்றான் அழகுபாண்டி, ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு. "நீ நின்னுக்கிட்டே சொல்லு. இங்க காத்து வருது."

மன்சூர் நின்றுகொண்டேதான் சொன்னான். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து நின்றுகொண்டேதான் போய் வருகிறான். ஆளில்லாத சீட்டில் துண்டு கிடந்தால் அதை எடுத்து நாலாக மடித்து, இன்ஜின் மூடிமேல் வைத்துவிடுவான். தூக்கி எறியமாட்டான்; கொள்கைக்கு மரியாதை முக்கியம். இதற்காக ஓரிரு முறை அடியும் வாங்கியிருக்கிறான். அதைத் தியாகம் என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டான்.

அப்பேர்ப்பட்டவனை ஆண்டவன் ஒரு பஸ்ஸுக்குள்ளேயே குடிவைத்தான்.

தெற்குவாசலில் அவர்கள் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மன்சூரின் அத்தா நைனா முகமது பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். வாடகைக்கு வீடு தேடிப் போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "எத்தனை பேரு?" அத்தா, அம்மா, மன்சூர், அண்ணன் ஷாகிர், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் மூன்று, அத்தாவின் தம்பி சின்னத்தா குடும்பம் என்று பதினோரு பேர். எண்ணிக்கையைச் சொன்னதும் அந்த வீடு நேற்றுத்தான் வாடகைக்குப் போயிருக்கும். மதுரையில் அந்த ஒரு நேற்றில் போன வீடுகளை வரிசையாக நிறுத்தினால் திண்டுக்கல் வரைக்கும் வரும்.

அந்தச் சமயத்தில்தான் எஃப்.சி. முடிந்து, இனி ரோட்டில் ஓடக்கூடாது என்றான ஸ்கூல் பஸ் ஒன்று வெட்டுவதற்காகக் கடைக்கு வந்தது. அத்தா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உள்ளே ஏறி நீளவாக்கில் நடந்து பார்த்தார். இறங்கி, "இத வெட்ட வேணாம்," என்றார். அவ்வளவுதான் வீட்டுக்குப் பால் காய்ச்சியது.

பரவை மார்க்கெட்டைத் தாண்டி அவருக்கு ஒரு மனை இருந்தது. அஸ்திவாரம் போட்டு, அதற்குமேல் சீமைக்கருவேலம் மட்டும் எழும்பியிருந்த மனை. கிரேன் வைத்துப் பஸ்ஸை அங்கே இறக்கினார்கள். ஷாகிர் சீட்டுகளைக் கழற்றினான். டிரைவர் இருந்த இடத்தில் கேஸ் அடுப்பு வந்தது. ஸ்டியரிங் மட்டும் எவ்வளவு திருகியும் வரவில்லை. அம்மா ஜெயினம்பு அதில் கரித்துணியைக் காயப்போட்டாள். அவள் தாளிக்கும்போது பார்த்தால், மொத்தக் குடும்பத்தையும் எங்கேயோ ஓட்டிக்கொண்டு போகிறவள் மாதிரி இருக்கும். மஞ்சளுக்கு மேல் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். ஒரே வாரத்தில் 'பள்ளி வாகனம்' உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது.

ஒரு சீட்டை மட்டும் அத்தா கழற்ற விடவில்லை. கடைசியில் இருக்கிற நீள சீட்டு. "அது ஷாஹீதாவுக்கு," என்றார்.

ஷாஹீதா மன்சூரின் அக்கா. கொட்டாம்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. தலைப்பிரசவம், ஏழாவது மாதத்தில் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். வீடு பறிபோனபோதுகூட அழாத அம்மா, "எம்புள்ளய எங்க கூட்டியாந்து படுக்க வைப்பேன்?" என்றுதான் அழுதாள். அதனால் கடைசி சீட்டுக்குப் புது ஃபோம் வந்தது, திரை வந்தது. பக்கத்திலேயே 'அவசர வழி' என்று எழுதிய கதவு. அதற்கு வெளியே அத்தா தன் கையாலேயே அகலமான படி வெல்டிங் வைத்தார். எட்டிக் காலெடுத்து வைக்காமல் இறங்கலாம், நேரே பாத்ரூம் போகலாம். "தனி வாசல்," என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

மீதி இடத்துக்கெல்லாம் தகராறுதான். சாயங்காலமானால் பிள்ளைகள் வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகத் துண்டை வீசினார்கள். யார் துண்டு எங்கே விழுந்ததோ அங்கே அவர் படுக்கை. ஒரே வாரத்தில் சின்னத்தாவும் வீச ஆரம்பித்தார்.

"சொந்த வீட்டுலயே துண்டு போடுற குடும்பத்த எந்த நாட்டுலயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்றான் மன்சூர்.

"நீ போடாத," என்றாள் அம்மா. "உத்தரத்துக் கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டே தூங்கு. பழக்கந்தானே?"

கடைசி சீட்டில் மட்டும் அத்தாவின் கட்டம்போட்ட துண்டு பகலும் ராத்திரியும் கிடந்தது. அதை யாரும் தொடுவதில்லை.

ஷாஹீதாவை அழைக்கப் போவதற்குள் அவள் மாமியாரே போன் செய்தார். "நாங்களே கொண்டாந்து விடுறோம் சம்பந்தி. வீட்டையும் பாத்த மாதிரி இருக்கும்."

அன்றைக்கு அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அத்தா வழி காட்டுவதற்காக மெயின் ரோட்டில் போய் நின்றார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேலையாக வெளியே போயிருந்தார்கள். கல்லூரி விடுமுறை, மன்சூர் பிள்ளைகளுக்குக் காவல். சித்திரை வெயிலில் தகரம் கொதித்தது. கடைசி ஜன்னலில் மட்டும்தான் காற்று. பிள்ளைகள் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு தரையில் வெந்தார்கள்.

மன்சூருக்குக் கொள்கை ஏறியது. துண்டை எடுத்து நாலாக மடித்தான்.

"சித்தப்பா, அது அத்தா துண்டு!" என்றாள் ஷாகிரின் மூத்தவள். தாத்தாவை அவர்களும் அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யார் துண்டா இருந்தாலும் துண்டு துண்டுதான். அவுக வர நேரமாகும், அதுவரைக்கும் உக்காருங்க," என்று சொல்லிச் சிலிண்டர்மேல் வைத்தான்.

பிள்ளைகள் உட்காரவில்லை, குடியேறினார்கள். ஆளுக்கொரு துண்டு, ஜியோமெட்ரி பாக்ஸ், பாதி கடித்த மாங்காய். பார்க்க மன்சூருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கார் மெயின் ரோட்டில் வரவில்லை. பின்பக்கத்து மண்பாதையில் வந்து நின்றது. "அஸ்ஸலாமு அலைக்கும்," என்று மாமியார் குனிந்து ஏறினார். பின்னால் ஷாஹீதா வயிற்றைப் பிடித்தபடி ஏறி, உள்ளே வந்து, நிற்க முடியாமல் மேல்கம்பியைப் பிடித்தாள்.

மன்சூர் அதைப் பார்த்தான். ஒரு பஸ். நிறைந்த வயிறோடு ஒருத்தி கம்பியைப் பிடித்து நிற்கிறாள். சீட்டில் இருக்கிற யாரும் எழுந்திரிக்கவில்லை.

"எந்திரிங்க! எந்திரிங்கடா!" என்றான். குரல் கீச்சென்று வந்தது.

"நாங்க துண்டு போட்டுட்டோம் சித்தப்பா!" என்றது கடைசி வாண்டு.

இழுத்து இறக்கி, மாங்காயைத் துடைத்து, அக்காவை உட்கார வைப்பதற்குள் அம்மா காய்ப்பையோடு ஓடி வந்தாள். ரோஸ்மில்க் கலக்கினாள். மாமியார் ஒரு வாய் குடித்தார். சுவரில் கையை வைத்து, சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டார். அவர் குரலில் குத்தலே இல்லை, அதுதான் மோசம்.

"எம்மருமக இங்க எங்க துண்டு போடணும் சம்பந்தி?"

"அது அவ இடந்தாங்க. அவளுக்குன்னே வச்சது. பிள்ளைக தெரியாம..."

"தப்பா எடுத்துக்காதீக. பேறுகாலத்த நாங்களே பாத்துக்கிறோம். நாப்பது கழியட்டும், நானே கொண்டாந்து காட்டுறேன்."

"தலப்பிள்ளைங்க. தாய்வீட்டுல..."

"தாய்வீடுதான். யாரு இல்லன்னா?" என்ற மாமியார் மேலே பார்த்தார், பக்கத்தில் பார்த்தார். "வீடு..." என்று ஆரம்பித்து, மீதியை ரோஸ்மில்க்கோடு விழுங்கிவிட்டார்.

அத்தா வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. அவர் வாதாடவில்லை. எதை வைத்து வாதாடுவது? "முன்படி உசரம்மா, இப்படி வா," என்று அவசர வழிக் கதவைத் திறந்தார். ஷாஹீதா அந்த அகலமான படியில் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்து இறங்கினாள். நன்றாகத்தான் செய்திருந்தார், படி கொஞ்சமும் ஆடவில்லை.

காரில் ஏறுமுன் தம்பியிடம், "அந்த சீட்டு நல்லாத்தாண்டா இருக்கு," என்றாள். "காத்து வருது."

புழுதி அடங்கிய பிறகும் அத்தா படியிலேயே உட்கார்ந்திருந்தார். யார், என்ன என்று கேட்கவில்லை. "எந்துண்டு எங்கடா?" என்று மட்டும் கேட்டார். மன்சூர் கொண்டுவந்து கொடுத்தான். மடிப்புக் கலையாமல் இருந்தது. அத்தா அதைப் பிரித்து முகத்தைத் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தார். அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் தாழ்ந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் துண்டோடு பஸ்ஸைச் சுற்ற ஆரம்பித்தார்கள். கடைசி சீட்டு காலியாகக் கிடந்தது.

மன்சூர் யாரும் பார்க்காதபடி பின்பக்கம் போனான். பேன்ட் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்து, சீட்டின்மேல் விரித்துப் போட்டான். ஒரு மூலை மடிந்து கிடந்தது. எக்கி, தோள் கம்பியில் அழுந்த, அதையும் நீவிவிட்டான்.