கப்பித்தான் வீட்டுப் பலகை

இரும்புக் கரண்டி கல்லறையின் மேல் கரகரவென்று போகிறது, பழைய சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்கிறது, மூன்றாம் வகுப்பு படிக்கிற நான் குத்துக்காலிட்டுச் சுரண்டுகிறேன், நாளை கல்லறைத் திருநாள், பழசைச் சுரண்டாம வெள்ளையடிச்சா நிக்காதுடி என்கிறாள் அம்மா, அவளுக்கு எல்லாவற்றிலும் சுத்தம் வேண்டும், எழுத்து மட்டும் தெரியாது, காரையில் பதித்ததை நான் கூட்டிப் படிக்கிறேன், கப்பித்தான் ஹோல்ஸ்ட், மனைவி ராகேல், ராகேல்னு பேரு இருக்கும்மா என்கிறேன், ஆமாண்டி, நம்ம ராகேலம்மாதான், அவ வயித்து வழிதான் நாம, சுரண்டு, நானும் சுரண்டினேன்.

தரங்கம்பாடிக் கடலைப் பார்த்துக் கப்பித்தான் கட்டிய வீட்டைத் திறந்து, பெருக்கி, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது இன்று என் வேலை, பத்தொன்பது வயதில் டென்மார்க்கிலிருந்து வந்தார், பினாங்குக்கும் இலங்கைக்கும் முப்பது வருஷம் கப்பல் ஓட்டினார், உடைந்த தன் கப்பலின் தேக்கையே உத்தரமாகப் போட்டார், திரும்பி வரச்சொல்லி வந்த கடிதங்களுக்குப் பதில் போடவில்லை, ஏன் என்று யாராவது கேட்டால் ராகேலைச் சொல்வேன், அதில் எனக்குப் பெருமைதான், ஒளிப்பானேன். வாசலில் அவர் சரித்திரத்தை எழுதிப் பலகை வைக்க அதிகாரி வந்தார், எழுபத்தெட்டு வயதில் அம்மாவுக்கு வேறு ஆசையில்லை, ராகேல் பேரும் அதில் வரவேண்டும். ஆதாரம் இருக்காம்மா என்று மரியாதையாகத்தான் கேட்டார், கோயில் கல்யாண ஏட்டில் அந்த வருஷத்துப் பக்கங்கள் செல்லரித்துப் போயிருந்தன, கல்லறையிலயே இருக்கு சார் என்று கூட்டிப்போனேன், அம்மா வீட்டில் இருந்தாள், வெள்ளையைக் கழுவினோம், உள்ளே முட்டை ஓடு போல வழுவழுவென்று இருந்தது, ஒரு எழுத்தும் இல்லை. வருஷா வருஷம் நாங்களே சுரண்டி எடுத்திருக்கிறோம், ஊரில் வேறெந்தக் கல்லறையும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. நான் படிச்சிருக்கேன் சார் என்றேன், எப்போ என்றார், எட்டு வயசுல என்றேன், அவர் பேனாவை மூடிக்கொண்டார்.

அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பலகை வந்தது, மணமாகாமலே இங்கு வாழ்ந்து மறைந்தார் என்று, அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து அதன் முன்னால் நிற்கிறாள், படிடி என்கிறாள், படிக்கிறேன், அவர் மனைவி ராகேல், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று சேர்த்துக்கொண்டே போகிறேன், அம்மா பலகையை மேலிருந்து கீழே பார்க்கிறாள், இத்தனையும் அந்த நாலு வரியிலயா இருக்கு என்கிறாள், முந்தானையால் பலகையைத் துடைக்கிறாள், சரி, இன்னொரு தடவ படி என்கிறாள்.