குறை என்னுடையது, மவுஸினுடையது அல்ல

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், இந்தக் கதை சோம்பேறித்தனத்தில் பிறந்தது. என் பழைய மவுஸ் திடீரென்று உயிரை விட்டது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று இணையத்தில் மதிப்புரை படிக்க உட்கார்ந்தேன். எழுதி முடிக்க வேண்டிய நாவல் பதினோராம் அத்தியாயத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, நானோ மூன்று நாள் மவுஸ் மதிப்புரை படித்துக்கொண்டிருந்தேன். அதுவும் எந்த மவுஸ்? கேபிள் இல்லாமல், விளையாட்டுக்காரர்களுக்கென்றே செய்த, விலையைப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும் ரகம். எனக்கு ஒரு விளையாட்டும் தெரியாது. வாங்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டால் எல்லாவற்றிலும் நமக்கு ஒரு அபிப்பிராயம் வந்துவிடுகிறது.

அப்படிப் படித்த ஒன்றின் அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: "மேலே சொன்ன குறை என்னுடையது, மவுஸினுடையது அல்ல." அவ்வளவுதான். யார் எழுதியது, என்ன தப்பு நடந்தது, சத்தமில்லாமல் மேலே இருப்பதை அழித்துவிட்டுப் போகாமல் ஏன் இப்படி அடியில் எழுதினார், ஒரு விவரமும் இல்லை. அந்த வரி என்னை விடவில்லை. அதை எழுதுவதற்கென்று ஒரு ஆளைச் செய்தேன். செய்ததில் சில இடம் சரியாக வரவில்லை. அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வெள்ளிக்கிழமை மதியம். வானம் கருத்து—"

வேண்டாம். வானத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாம் முயற்சி: "அவளுக்குத் தராசு என்ற பெயர் எப்படி வந்ததென்றால்—"

இது பரவாயில்லை, இதிலேயே போவோம்.

அவள் கணினிச் சாமான்களைச் சோதித்துப் பார்த்து எழுதுகிறவள். பன்னிரண்டு வருடமாக ஒரே இதழ். எந்தப் பெட்டி வந்தாலும் அவளுக்கு முதல் வேலை, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்து எடை போடுவது. மவுஸ், ரிசீவர், கேபிள், "எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி" என்ற அட்டை வரைக்கும் ஒன்றையும் விடமாட்டாள். கம்பெனி அறுபது கிராம் என்று அச்சடித்திருந்தால், அவள் அறுபத்திரண்டு என்று எழுதுவாள். வாசகர்கள் தராசு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

(மவுஸைச் சுட்டி என்று எழுதக் கூடாதா என்பீர்கள். தாராளமாக எழுதலாம். கடையில் போய்ச் சுட்டி கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை, அதுதான்.)

3

இந்த மவுஸைக் கம்பெனி இரண்டாக அனுப்பியிருந்தது, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கறுப்பைத் தராசு வைத்துக்கொண்டாள். வெள்ளையைத் தங்கையிடம் கொடுத்து, ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொன்னாள்.

தங்கை இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறாள். மாலையில் கணினியில் துப்பாக்கிச் சண்டை. ஐந்து பேர் ஆடும் அணி ஒன்றில் ஒரு இடம் காலி, அதற்கு இவளும் இன்னொருத்தியும் போட்டி. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு ஆட்டம். அந்த இடத்துக்காக அவள் நாலு வருடம் காத்திருந்தாள்.

(தங்கையை நான் முதலில் நம்பவில்லை. தராசு செய்யும் தப்பு யாருக்காவது வலிக்க வேண்டுமே என்று நானாகக் கொண்டுவந்து உட்காரவைத்த ஆள் அவள். அவள் வாயைத் திறந்து பேசிய பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அதுவரை நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தராசு இருபது நாள் சோதித்தாள். கைக்குள் உட்காரும் விதம் பிரமாதம். அழுத்தினால் பட்டன் விரலை எதிர்த்துப் பேசவில்லை. பேட்டரி சொன்னதைவிட அரை நாள் கூடவே ஓடியது. ஆனால் கடைசி ஐந்து நாளும், மதியம் நாலு மணிக்கு மேல், திரையில் ஓடுகிற அம்பு அரை இமைப்பு நேரம் அப்படியே நின்றது. நின்ற நேரத்தையெல்லாம் குறித்தாள்: நாலு பத்து, நாலு பன்னிரண்டு, நாலு பதினைந்து. சாதாரண வேலைக்கு இது ஒன்றுமேயில்லை. துப்பாக்கிச் சண்டையில் அந்த அரை இமைப்பில் ஆள் காலி. "போட்டிக்கு இதை நம்பி நான் உட்கார மாட்டேன்" என்று எழுதினாள். திங்கள்கிழமை வெளியானது.

அன்று மாலையே தங்கை வெள்ளை மவுஸைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். தன்னிடம் ஒரு தடவைகூட நின்றதில்லை என்றாள். ஆனாலும் அக்கா சொன்ன பிறகு அதற்கு மேல் பேச்சு ஏது? தன்னுடைய பழைய கேபிள் மவுஸுக்கே திரும்பிப் போனாள். அதன் இடது பட்டன் சில சமயம் ஒரு அழுத்தலை இரண்டாக எடுத்துக்கொள்ளும். ஆனால் பழகிய குறை யாரையும் பயமுறுத்துவதில்லை.

4

வெள்ளிக்கிழமை மதியம் அடுத்த பெட்டி வந்தது, ஏதோ ஒரு கீபோர்டு. எடை போட வேண்டுமே என்று சமையலறை அலமாரியிலிருந்து தராசைத் தூக்கினாள். அதன் அடியில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புக் கேபிள் சுருண்டு கிடந்தது.

அது என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. உங்களுக்கு நான் சொல்கிறேன். கேபிள் இல்லாத மவுஸ் சொல்வதைக் கேட்டுக் கணினிக்குச் சொல்ல, நகம் அளவு ரிசீவர் ஒன்று உண்டு. அதைக் கணினியின் முதுகில், வெளியே வைத்த ஹார்ட் டிஸ்கின் கேபிளுக்குப் பக்கத்தில் மாட்டினால், டிஸ்க் வேலை செய்யும்போது எழும் மின் அலை இரைச்சலில் அதற்குக் காது கேட்காது. அதனால்தான் பெட்டியிலேயே ஒரு நீட்டிப்புக் கேபிள் கொடுக்கிறார்கள், ரிசீவரை மேஜைமேல் மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க. இதை அவளே பத்துத் தடவை எழுதியிருக்கிறாள். படித்துவிட்டு மாட்டுங்கள் என்று வாசகர்களைத் திட்டியும் இருக்கிறாள்.

மவுஸ் வந்த அன்று அந்தக் கேபிளை அவள் எடை போட்டிருந்தாள். பத்தொன்பது கிராம் என்று நோட்டில் குறித்தாள். பிறகு அலமாரியிலேயே விட்டுவிட்டு, அதன்மேல் தராசை வைத்துவிட்டாள். கடைசி ஐந்து நாளும் மதியம் நாலு மணிக்கு அவளுடைய கணினி, அப்போதுதான் அவள் புதிதாக வைத்த ஏற்பாட்டின்படி, அன்றைய வேலையை டிஸ்கில் நகல் எடுத்துக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு போய் உட்கார்ந்து டிஸ்கை ஓடவிட்டாள். நீட்டிப்புக் கேபிளோடு முக்கால் மணி நேரம் பார்த்தாள், அம்பு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கேபிளைக் கழற்றி ரிசீவரை முதுகில் மாட்டினாள், ஒன்பதாவது நிமிடத்தில் நின்றது. தற்செயலாக இருக்கலாம் என்ற ஆசையில் மறுபடி மாற்றினாள், அதற்குப் பிறகும் ஒரு தடவை. அந்த ஆசையும் போனபோது மாலை ஆறு மணி.

5

இங்கே இதழாசிரியர் வருகிறார். முதலில் அவரை இப்படி எழுதினேன்: "ஆசிரியர் போனிலேயே எகிறினார். நம்ம மானத்தை வாங்கவா பாக்கறீங்க என்று—"

அடித்துவிட்டேன். கதைக்கு ஒரு கெட்டவர் இருந்தால் எழுதுகிறவருக்கு வேலை மிச்சம், அதற்காக ஒரு மனிதரைக் கெடுப்பதா?

உண்மையில் அவர் பொறுமையாகக் கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தப்பு, அது பெரிய விஷயமில்லை என்றார். திங்கள்கிழமை இருவரும் உட்கார்ந்து, வாசகர்கள் எகிறாதபடி பக்குவமாக ஒரு குறிப்பு எழுதலாம் என்றார். நல்ல யோசனைதான். தராசுக்கும் ஒரு கணம் அப்பாடா என்றிருந்தது.

"திங்கக்கிழமை வேணாம் சார். நாளைக்குக் காலைல என் தங்கச்சிக்கு ஆட்டம் இருக்கு."

"அப்ப தங்கச்சிகிட்ட மட்டும் இன்னிக்கே சொல்லிடுங்க."

"நாளைக்கு ஆடற எல்லாரும் என் தங்கச்சி இல்ல சார். ஆனா எல்லாரும் அதைப் படிச்சிருப்பாங்க."

அவர், வாங்கிக் கட்டிக்கொள்ளப் போவது நீங்கள்தான், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்தாயிற்று என்றாள். ஏழு மணிக்கு அவளே அந்த வரியை எழுதிப் போட்டாள், கீழே கேபிள் கதையையும் ஒளிக்காமல். பக்கத்தை மூடவில்லை. வந்த திட்டையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

6

அன்று மாலை தங்கை போனை அணைத்துவைத்திருந்தாள். ஆட்டத்துக்கு முந்தின நாள் அவள் யாருடனும் பேசுவதில்லை. காலையில் அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

இங்கே தராசுக்கு நான் ஒரு தப்பிக்கும் வழி வைத்துக் கொடுத்தேன். சொல்லாமல் இருந்துவிடு என்றேன். ஒரு வாரத்தில் இரண்டாம் தடவை மவுஸ் மாற்றினால் கை தடுமாறாதா? ஆட்டம் முடியட்டும், மத்தியானம் சொல். அன்பான பொய்தானே, வாசகர்களும் மன்னிப்பார்கள். இதற்காக ஒரு பத்தியே எழுதினேன், உருக்கமாகத்தான் வந்தது. அவள் அதற்குள் வரமாட்டேன் என்றுவிட்டாள். முன்தினம் ஊருக்கே சொன்னவள், தங்கையிடம் மறைத்தாள் என்று எப்படி எழுதுவது?

காலை எட்டு மணிக்குத் தங்கை தோளில் பையோடு வந்தாள். தராசு காபிகூடக் கொடுக்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"இதை எனக்கு மட்டும் சொல்றியா, எழுதிட்டியா?"

"நேத்தே எழுதிட்டேன். கிழிகிழின்னு கிழிக்கறாங்க."

தங்கை போனை இயக்கிப் படித்தாள். நிறைய நேரம் படித்தாள். "எனக்கு மட்டும் சொல்லியிருந்தா, என்னைத் தேத்தறதுக்குச் சொல்றேன்னு நினைச்சிருப்பேன்" என்றாள். பிறகு போனைப் பைக்குள் போட்டாள். "நாலு நாளா அந்தப் பட்டன் எப்ப ரெண்டா அடிக்குமோன்னு ஒவ்வொரு தடவையும் பயந்துகிட்டே ஆடறேன்க்கா. உனக்குத் தெரியுமா?"

தராசுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

(திருத்தம்: பழகிய குறை யாரையும் பயமுறுத்துவதில்லை என்று மூன்றாம் பகுதியில் எழுதினேன். தவறு. அது என்னுடையது, தங்கையினுடையது அல்ல.)

கோபமா என்று தராசு கேட்டாள். ஆமாம், கோபம்தான், ஆட்டம் முடிந்து வந்து ஒழுங்காகச் சண்டை போடுகிறேன் என்றாள் தங்கை. அப்புறம் வெள்ளை மவுஸை அதன் பெட்டியோடு வாங்கிக்கொண்டு, பழையது இருந்த தன் பையோடு தனியாகச் சமையலறைக்குள் போனாள். எதைக் கொண்டுபோகப் போகிறாய் என்று தராசு கேட்கவில்லை. கேட்கும் உரிமையைத் திங்கள்கிழமையே தொலைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

வெளியே வந்தபோது தங்கையின் பை மூடியிருந்தது.

"ஒண்ணை எடுத்துக்கிட்டேன். ரிசீவரும் நீட்டிப்புக் கேபிளும் எப்படியும் என் பையிலதான். இன்னொண்ணு பெட்டிக்குள்ள, தராசு மேல இருக்கு. திறக்கக் கூடாது. எடை போட்டே கண்டுபிடி."

படியிறங்கிப் போகும்போது அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தராசுக்குக் கண் நிறைந்துவிட்டது.

7

அவளுக்கு இது பெரிய கணக்கே இல்லை. காலிப் பெட்டி நூற்று நாற்பது கிராம். புதிய மவுஸ் அறுபத்திரண்டு. தங்கையின் பழைய மவுஸ் கேபிளோடு நூற்றுப் பதினெட்டு, அதையும் அவள் எப்போதோ எடை போட்டாயிற்று. இருநூற்று இரண்டு என்று காட்டினால் தங்கை பழையதைக் கொண்டுபோயிருக்கிறாள். இருநூற்று ஐம்பத்தெட்டு என்றால் புதியதை.

தராசின் பட்டனை அழுத்தினாள். பூஜ்யம் என்று காட்டியது.

வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பாரத்தை மேலே ஏற்றிவைத்துவிட்டு இயக்கினால் எந்தச் சமையலறைத் தராசும் பூஜ்யம் என்றுதான் சொல்லும். பன்னிரண்டு வருடம் எடை போட்டவள், மறுபடியும் அடிப்படையையே கோட்டைவிட்டாள். பெட்டியைக் கையில் எடுத்தாள், தராசை அணைத்து மறுபடி இயக்கினாள். இனி வைக்க வேண்டியதுதான்.

என்னிடம் இரண்டு முடிவு தயாராக இருக்கிறது, இருநூற்று இரண்டுக்கு ஒன்று, இருநூற்று ஐம்பத்தெட்டுக்கு ஒன்று. ஒன்றில் தங்கைக்கு இடம் கிடைக்கிறது, இன்னொன்றில் கிடைக்கவில்லை. எது எதில் என்று சொல்ல மாட்டேன். இரண்டிலும் அவள் மத்தியானம் வந்து அக்காவோடு சண்டை போடுகிறாள், அது மட்டும் நிச்சயம்.

மணி இன்னும் பத்து ஆகவில்லை. பெட்டி அவள் கையில் இருக்கிறது. வேண்டுமென்றால் நீங்கள் வாங்கித் தராசில் வைத்துப் பாருங்கள். நான் வைக்கவில்லை. வைத்துப் பார்க்காததை எழுதினால், இந்தக் கதைக்கு அடியிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி எழுத வேண்டி வரும்.