யார் முழம்?

சோபா தைக்கிற அந்த மனுஷனுக்கு அளவு நாடா என்றாலே ஆகாது. "கை இருக்கும்போது நாடா எதுக்கு?" என்பார். ஆள் நெட்டை, கை அதைவிட நெட்டை. அவர் முழம் போட்டு வெட்டினால் துணி எப்போதும் ஒரு சாண் கூடவே இருக்கும். கூடினால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

புது டிவியைச் சுவரில் மாட்டியதும் அவர்தான். தன் கண்ணுக்கு நேராக மாட்டிவிட்டார். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தள்ளுபடியில் வந்த டிவி, அதில் இன்டர்நெட் கிடையாது. ஆனால் மகள் ஆடும் கால்பந்து மேட்ச் இன்டர்நெட்டில் மட்டும்தான் வரும். லேப்டாப்பில் போட்டு, கேபிள் வழியாக டிவிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கேபிளை ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் வாங்கி வரும் பொறுப்பு மனைவிக்கு வந்தது. அவளை எல்லாரும் லேப் அக்கா என்பார்கள். நாள் பூராவும் சொட்டுச் சொட்டாக ரத்தம் அளக்கிறவள்.

"நாலு முழம் வாங்கிட்டு வா. நான் அளந்துட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

லேப் அக்காவுக்குக் காலையிலிருந்தே மேட்ச் நினைப்புத்தான். மகள் வெளியூர்க் கல்லூரியில் கோல்கீப்பர். பேருக்குத்தான் கோல்கீப்பர், சேர்ந்த நாளிலிருந்து பெஞ்சைத் தேய்த்ததுதான் மிச்சம். குட்டைக் கை. அப்பா மாதிரி வந்திருக்கலாம், அம்மா மாதிரி வந்து தொலைத்தது. ஒருமுறை அழுதுகொண்டே, "போயும் போயும் உன் கையையாம்மா எனக்குக் குடுத்தே?" என்று கேட்டுவிட்டாள். மறுநாளே மன்னிப்பும் கேட்டாள். என்ன கேட்டு என்ன, தைத்தது தைத்ததுதான். இன்று முதல் கீப்பருக்குக் காய்ச்சல் என்று இவளை இறக்குகிறார்கள். பந்து கைக்கு எட்டாமல் போனால் அந்தப் பழி தன் தலையில்தான் என்று லேப் அக்கா முடிவே கட்டிவிட்டாள்.

கடைக்காரர், "எத்தனை மீட்டர்க்கா?" என்றார்.

"மீட்டரெல்லாம் தெரியாதுப்பா. நாலு முழம்."

"பூவாக்கா வாங்குறீங்க?"

சிரித்துக்கொண்டே இரண்டு கேபிளை எடுத்துப் போட்டார். ஒன்று நீளம், முனையில் தங்க முலாம், நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. விலையும் நகை மாதிரிதான். இன்னொன்று சாதாரண பிளாஸ்டிக் கவரில் சுருண்டு கிடந்தது.

"இதுல படம் நல்லா வருமா?"

"பேஷா வரும்க்கா. வீட்டுக்குள்ள இழுக்க இது போதும். அளவு மட்டும் பாத்துக்குங்க, கவரைப் பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டேன்."

லேப் அக்கா கவரைப் பிரித்தாள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து அளந்தாள். இம்மி பிசகாமல் நாலு முழம்! மலிவாகவும் போயிற்று, அளவாகவும் போயிற்று என்று வீட்டுக்குப் பறந்தாள்.

வீட்டில் அவள் தங்கை வீட்டுக்காரர், அதாவது சோபாக்காரரின் சகலை, மேட்ச் பார்க்க முன்கூட்டியே வந்து நல்ல இடமாகப் பிடித்து உட்கார்ந்திருந்தார். சோபாக்காரர் கேபிளின் ஒரு முனையை லேப்டாப்பில் செருகி, மறுமுனையை டிவிக்குத் தூக்கினார். அது ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது.

"நாலு முழம் சொன்னேனே!"

"நாலு முழம்தாங்க. என் கையாலயே அளந்தேன்."

"அண்ணி, அண்ணன் சொன்னது யார் முழம்?" என்றார் சகலை.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கையைக் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவளுடைய நடுவிரல் அவர் உள்ளங்கையைத் தாண்டவில்லை.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன! மேட்ச் ஆரம்பிச்சுட்டான்" என்று சகலை கத்தினார்.

ஸ்டூல் ஆடியது, மேஜை எட்டவில்லை. சோபாக்காரர் பேசாமல் லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்தி, டிவிக்குக் கீழே நின்றுகொண்டார். கேபிள் எட்டியது. டிவியில் பச்சைப் புல் விரிந்தது. அவர் மட்டும் டிவியைப் பார்க்க முடியாமல், கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்தபடி நின்றார்.

"அண்ணே, ஆடாம நில்லுங்க."

"ஒரு மணி நேரமா சுமக்கிறேன்யா, வேற என்ன பண்ணுவேன்? நீ வந்து தூக்கிப் பாரேன்."

இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. லேப் அக்காவுக்குத்தான் உயிர் போய்ப் போய் வந்தது. முடிய கொஞ்ச நேரமே இருக்கையில் எதிரணிக்குப் பெனால்டி கொடுத்துவிட்டார்கள். பெரிய டிவியில் பெரிய கோல் கம்பம், நடுவில் தம்மாத்துண்டாய் மகள். கடவுளே, அந்தக் கைக்கு எட்டுமா?

எதிரணிக்காரி ஓடி வந்தாள். சோபாக்காரர் பதற்றத்தில் அரை அடி முன்னால் வந்தார். கேபிள் பட்டென்று கழன்றது. டிவி இருண்டது.

"அடப்பாவி மனுஷா!" என்று சகலை தலையில் அடித்துக்கொண்டார்.

அது அவர் காதில் விழவே இல்லை. கண் லேப்டாப்பிலேயே இருந்தது. லேப் அக்கா புருஷன் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க? கோலா? வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

அவ்வளவுதான், போச்சு, என் கைதான் கவுத்துடுச்சு என்று அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புடிச்சுட்டாடி" என்றார் அவர். "தரையோட வந்த பந்து. சட்டுன்னு விழுந்து, நெஞ்சோட சேத்து அமுக்கிட்டா. அப்படியே உன் கை. விடவே இல்லடி."

லேப் அக்கா அழுதாள். வெட்கமே இல்லாமல், சகலை முன்னாலேயே அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் மகள் போன் பண்ணினாள். மூச்சு வாங்கியது. "அம்மா, பெரிய டிவியில பாத்தியா?"

லேப் அக்கா இருண்ட டிவியைப் பார்த்தாள். இன்னும் லேப்டாப்பை இறக்கி வைக்கத் தோன்றாமல் நின்ற மனுஷனைப் பார்த்தாள்.

"பாத்தேன்டி கண்ணு. நல்லா பாத்தேன்."

போனை வைத்ததும் சகலை ஆரம்பித்தார். "அடுத்த மேட்சுக்காவது அண்ணன் முழத்துல ஒரு கேபிள் வாங்கிடுங்க அண்ணி."

"வேணாம், டிவியக் கீழ இறக்கச் சொல்லுங்க" என்றாள் லேப் அக்கா, கேபிளைக் கையில் சுற்றிக்கொண்டே. "என் முழமே போதும்."