மடு ரோட்டுக்கு அப்பால் வந்த கடல்

“கடல் முடிஞ்சு போச்சேம்மா, இனிமே ரயிலு எதுமேல போவும்?” என்று ஐந்து வயது ஜெபமாலை கேட்டதனால், 1953ஆம் ஆண்டு இலங்கையில், மடு ரோடு நிலையத்துக்கு அப்பால், நடுக்காட்டில், தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் கடல் வந்து நின்றது. கார்டு இறங்கி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. கையைத் துடைத்துக்கொண்டு, வண்டி மெதுவாகப் போகலாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் குடிசை பாம்பனில், பாலத்தை ஒட்டி இருந்தது. அவள் பார்த்த ரயிலெல்லாம் கடல் மேல் பார்த்ததுதான். முதன்முதலாக ஏறிய ரயிலும் தனுஷ்கோடி வரை இருபுறமும் கடலோடுதான் போனது. பிறகு கப்பல், தலைமன்னார், மறுபடி ரயில். மன்னார் பாலம் தாண்டிக் காடு தொடங்கியதும் பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது, கேட்டுவிட்டாள்.

அம்மா லீமாரோஸுக்கு அப்போது கடலைப் பார்க்க நேரமில்லை. மடியில் எட்டு மாதக் கைக்குழந்தை வேதமுத்து அழக்கூடச் சக்தியில்லாமல் கிடந்தான். கப்பலில் ஓயாமல் வாந்தி எடுத்ததில் அவளுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. அனுராதபுரம் போய்விட்டால் பால் கிடைக்கும் என்று சக பயணிகள் சொல்லியிருந்தார்கள். கொழும்பில், துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவன் கில்பர்ட் ஸ்டேஷனுக்கு வருவான். ஆனால் வண்டி இப்போது பாம்பன் பாலத்தில் போவதுபோல ஊர்ந்தது. அனுராதபுரம் மதியத்திலிருந்து மாலைக்குத் தள்ளிப்போனது.

எதிரே கீழக்கரை சங்கு வியாபாரி சலாஹுதீன் உட்கார்ந்திருந்தார். இருபது வருடமாக அந்தப் பாதையில் போய்வருகிறவர். “தங்கச்சி, ஒம்மக வாயக் கொஞ்சம் பொத்து. அடுத்தாப்புல மலையக் கூப்புட்டுறப் போறா” என்றார். சிரித்தவர்கள் குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். லீமாரோஸ் மடு மாதாவை வேண்டியபடி குழந்தையின் உதட்டை எச்சிலால் நனைத்தாள்.

மூலையில் ஒரு சிங்களப் பெண், தன் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து வந்து, தன் குழந்தையை சலாஹுதீன் மடியில் வைத்துவிட்டு, கையை நீட்டி “தென்ன, தென்ன” என்றாள்.

“தென்னமரத்தையா கேக்குறாக?” என்றாள் ஜெபமாலை.

“குடுங்குறா, புள்ள. தம்பிய அவ கையில குடுக்கச் சொல்றா” என்றார் சலாஹுதீன்.

வேதமுத்து முதலில் முகத்தைத் திருப்பினான், பிறகு குடித்தான். ஒரு பக்கம் தீர்ந்ததும் மறு பக்கமும் குடித்தான். அவளுடைய சொந்தக் குழந்தை அழுதபோது சலாஹுதீன் தன் வெள்ளித் தாடியை அதன் கையில் கொடுத்துச் சமாளித்தார். இப்படி ஒரு மணி நேரம் போனது.

வழியில் சிக்னலுக்காக வண்டி நின்ற இடத்தில், பாதையோரமாகவே அந்தப் பெண்ணின் வீடும் வயலும் இருந்தன. கதிர் வாங்கிய நெல், கழுத்தளவு கடல்நீரில் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். வேதமுத்துவின் வாயைத் தன் சேலையால் துடைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தன் பிள்ளையோடு தண்ணீரில் இறங்கி வீட்டுக்கு நடந்தாள். லீமாரோஸுக்கு அவள் பாஷை தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டாள்.

“உப்பேறுன மண்ணு. இனி நெல்லு மொளைக்காது” என்று சலாஹுதீன் தாழ்ந்த குரலில் சொன்னார்.

பாம்பனில் கடலைப் பார்த்து யாரும் ‘போ’ என்று சொல்வதில்லை. லீமாரோஸ் மகளை ஜன்னல் பக்கம் நகர்த்தி, “நம்மளுக்காக ரொம்ப தூரம் வந்துருச்சு. வாரேன்னு சொல்லிரு” என்றாள். ஜெபமாலை “வாரேன்” என்றாள். கடல் வற்றியது. தண்டவாளத்தில் கொஞ்சம் சாளை மீன் துள்ளியது, ஊர்க்காரர்கள் பொறுக்கிக்கொண்டார்கள். ரயில் வேகம் பிடித்தது. கொழும்பு ஸ்டேஷனில் கில்பர்ட், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டான். வழியில் கடல் என்று லீமாரோஸ் சொன்னாள். அவனும் பாம்பன்காரன், மேற்கொண்டு கேட்கவில்லை.

கொழும்பில் மூன்று வருடம் இருந்தார்கள். பலமுறை ரயிலேறி, தரைமேலும் ரயில் ஓடும் என்று ஜெபமாலைக்குப் பழகிவிட்டது. 1956இல் தங்கும் அனுமதி முடிந்ததும் லீமாரோஸ் பிள்ளைகளோடு கில்பர்ட்டுக்கு முன்னால் ஊருக்குத் திரும்பினாள். எதிர்வண்டிக்கு வழிவிட ரயில் ஓரிடத்தில் நின்றது. உச்சிவெயில். பெட்டியில் எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள், பிள்ளைகளும்தான். வெளியே, பாலூட்டிய அந்தப் பெண்ணின் வயல் உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, ஆனால் கொடியில் சின்னப் பாவாடை ஒன்று காய்ந்தது.

லீமாரோஸ் இறங்கினாள். வரப்பில் முழங்காலிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு கை உப்பை அள்ளி முந்தானையில் போட்டாள். அந்தக் கையோடு பக்கத்து உப்பும் வந்தது, அதனோடு அதற்கடுத்ததும். கரைவலை இழுப்பதுபோல மாறி மாறி இழுத்தாள். நான்கு வரப்புக்குள்ளும் இருந்ததெல்லாம் வந்து சேர்ந்தபோது முந்தானையில் ஒரு நாழி உப்புதான் இருந்தது. பின்னால் மண் கறுப்பாக, ஈரமாகத் தெரிந்தது. முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியேறினாள். கதவு சாத்தியே இருந்தது.

மறுநாள் கப்பல் பாதிக் கடலில் போகும்போது, பின்தட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து முடிச்சை அவிழ்த்து உதறினாள். கடல் வாங்கிக்கொண்டது. அவள் முந்தானையைத் தட்டிவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்கப் போனாள்.