அதிமதுரக் கோப்பையின் அடியில்

...பிழிந்தது போதும் என்று கைக்கு யார் சொல்வது, அது பாட்டுக்குத் துணி மூட்டையை முறுக்கிக்கொண்டே இருக்கிறது, பழுப்பு நுரை ஜாடிக்குள் சொட்டிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவையும் கேட்ட பிறகும் நேராக அடுப்படிக்கு வந்து அதிமதுரத்தை நனைத்தாயே ஹஸ்னா, உனக்குப் புத்தி இருக்கிறதா... நோன்பு திறக்க அதிக நேரமில்லை, எதிர்மாடிச் சுவரில் வெயில் ஒரு முழம்தான் மிச்சம். கூடத்துச் சோபாவில் புருஷன் புர்ஹான் கண்ணை மூடிக் கிடக்கிறார். மதியம் மருந்துக்கடை மைசூன் வந்து அவர் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாள், டயருக்குக் காத்து பாக்குற மாதிரிதானே, பாத்துட்டுப் போ என்று அவரும் கையை நீட்டினார், முப்பது வருடம் ஹமா ஊருக்குப் பேருந்து ஓட்டியவருக்கு எல்லாமே டயர்தான். மைசூனின் முகம்தான் சிரிக்கவில்லை. வாசல்வரை இவளை இழுத்துக்கொண்டு போய், தினமும் மாத்திரை கொடுக்கிறீர்களா, எதோடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். இவளும் பெருமையாகத்தான் சொன்னாள், பெருமையாக!

“அதிமதுரத்தோடயா? உம்மு நிஸார், மாத்திரை இறக்குற பிரஷரை அது ஏத்திவிட்டுடும். இன்னைக்கே அதை நிறுத்துங்க. ஆனா மாத்திரைய நிறுத்திடாதீங்க, தண்ணியோட முழுங்கச் சொல்லுங்க. வாய் கோணுச்சு, கை விழுந்துச்சுன்னா என்கிட்ட ஓடி வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

முழுங்கச் சொல்ல வேண்டுமாம்... யாரிடம் போய்ச் சொல்வது, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே சத்தியம் செய்துவிட்டவரிடமா? ஒரு மாத்திரை என் தொண்டைக்குள்ள இறங்குச்சுன்னா நீ எனக்கு தலாக், என்று சொன்னாரே. இந்த ஊர் ஆண்களுக்கு அது வாயில் மெல்லும் பொருள், தர்பூசணி விலைக்கு தலாக், விருந்தாளி இன்னொரு கரண்டி சாப்பிடாவிட்டால் தலாக், அப்படிப் பார்த்தால் அலெப்போவில் எந்தத் தெருவில் கல்யாணம் தங்கும். ஆனால் அன்றைக்கு அவர் கத்தவில்லை, மேஜையைத் தட்டவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவருடைய தம்பி அதீப் இதே வியாதிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான், உடம்பு தேறிவிட்டதென்று அவனாகவே ஒருநாள் நிறுத்தினான், அடுத்த வாரமே போய்விட்டான். நிறுத்தியதால் செத்தான் என்று டாக்டர் சொன்னார், ஆரம்பித்ததால் செத்தான் என்று இவர் சொல்கிறார், குழியில் கிடப்பவனையா கேட்க முடியும்?

அதனால்தானே இந்தத் திருட்டுத்தனம். முதல் நோன்பன்று கதவைச் சாத்திக்கொண்டு கரண்டி முதுகால் மாத்திரையை நசுக்கி அவர் கோப்பையில் கலக்கினாள், கசப்பு தெரியக்கூடாதென்று சாற்றைக் கெட்டியாக்கினாள், போன வருடம்வரை இரண்டு மிடறோடு தள்ளிவைக்கிற மனிதரைக் கெஞ்சிக் கெஞ்சி முழுக் கோப்பையும் குடிக்க வைத்தாள், அப்புறம் தலை வலிக்கிறது என்றார், அதிமதுரம் குளிர்ச்சிதானே என்று இன்னும் கெட்டியாக்கினாள்... கடவுளே, என் கையாலேயே. அவர் பிழைத்தால் போதும், சத்தியம் முறிந்த பாவம் என்னோடு போகட்டும் என்றுதானே நினைத்தேன். முறிந்துவிட்டதா, அவருக்குத் தெரியாமல் இறங்கியதற்குக் கணக்கு உண்டா, பள்ளிவாசல் ஷேக்கிடம் கேட்கலாம், எப்படிக் கேட்பது, நான் என் புருஷனுக்குப் பெண்டாட்டியா இல்லையா என்றா? வேண்டாம், அதை நினைக்காதே. நோன்பு தொடங்கிய இரண்டாம் நாளே சோபாவில் காத்து நல்லா வருது என்று அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனது எவ்வளவோ நல்லதாகப் போயிற்று, பக்கத்தில் படுத்திருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். நோன்பு மாதம் வந்தால் அவருக்குப் பக்தி முற்றிவிடும், கோப்பையை நீட்டினால்கூட மேஜையில வை என்கிறார், ஹஸ்னா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர் அக்கம்பக்கத்தார் போல நிஸாரின் அம்மா, உம்மு நிஸார் என்கிறார்...

பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஜாடியைத் தொட்டியில் கவிழ்த்தாள், பழுப்பு நுரை சுழன்று சுழன்று இறங்கியது. பதிலுக்கு இனிப்புப் புளிச்சாற்றைக் கோப்பையில் ஊற்றி, பேரீச்சம்பழத்தோடு எடுத்துக்கொண்டு போனாள், மாத்திரை மேலங்கிப் பையிலேயே கிடந்தது, அதைக் கலக்கவும் கை வரவில்லை, எடுத்துக் காட்டவும் தைரியம் வரவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து இடது கையை உதறிக்கொண்டார், மதியத்திலிருந்தே ஒரே மதமதப்பு என்றார். கை விழுந்துச்சுன்னா என்றாளே மைசூன்... பழத்தை மென்றார், குடித்தார், கோப்பையைச் சாய்த்து அடியைப் பார்த்தார். அப்புறம் சூப்பில் உப்பு குறைந்தால் கேட்பாரே, அதே குரலில் கேட்டார்.

“இன்னைக்கு மருந்து போடலையா?”

அவள் கை தானாக மேலங்கிப் பையை மூடிக்கொண்டது.

“மொத நாளே கசந்துது, உம்மு நிஸார். அடியில வெள்ளையாத் தங்கியிருந்துது.”

மொத நாளே... தெரிந்துமா குடித்தார், சத்தியம் போனது போனதுதான் இனி உயிராவது மிஞ்சட்டும் என்றா, இல்லை இவள் கெஞ்சினாளே என்றா? சோபாவில் கிடந்த தலையணையைப் பார்த்தாள், இரண்டாம் நாளே அங்கே போன தலையணை. மடித்து வைத்த போர்வையைப் பார்த்தாள். அப்படியென்றால் இத்தனை நாளாக இந்த வீட்டில் சமைத்து, துவைத்து, அவர் இருமலுக்குக் கண்விழித்த இவள் அவருக்கு யார், பெண்டாட்டியா, அந்நியப் பெண்ணா? அதிமதுரத்தைப் பற்றி வேறு இன்னும் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டும், அந்தக் கையை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், இப்போதே கிளம்ப வேண்டும், அவள் பைக்குள் கைவிட்டு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“மேஜையில வை,” என்றார்.

வைத்தாள். அவள் கையை எடுத்துக்கொண்ட பிறகுதான் அவர் கை நீண்டது.