மூன்று மடிப்பு

கையில் தூக்கிய மாத்திரத்தில் எந்தப் பொருளுக்கும் எடை சொல்லிவிடுவார் என்பதால் கடையில் அவருக்குத் தராசு என்று பெயர். படகுச் சாமான் விற்கும் கடை. துடுப்பு, மிதவைச் சட்டை, கயிறு எல்லாம் கிடைக்கும். தராசு நிற்பது தண்ணீர் புகாத பைகள் தொங்கும் பக்கம். பதினேழு வருஷமாக அங்கேயேதான்.

ஒரு சனிக்கிழமை, கடை அடைக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வந்தார். சட்டையில் கிரீஸ் கறை. ஒருவர் மட்டும் உட்காரும் பழைய கயாக் படகு ஒன்றை வாங்கியிருப்பதாகவும், இனி ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிதான் என்றும் குழந்தைபோலச் சொன்னார். போனும் மாற்றுத்துணியும் வைக்க ஒரு பை வேண்டும்.

தராசு இரண்டை எடுத்து மேஜைமேல் போட்டார். ஒன்று தடித்த ரப்பர் துணி. பாறையில் இழுத்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அரைக் கிலோ. இன்னொன்று மெல்லிய நைலான். தொண்ணூறு கிராம்.

"அண்ணே, இது பையா, வெங்காயத் தோலா?"

"பாக்கத்தான் அப்படி. ஒரு சொட்டு உள்ள போகாது."

"அப்ப இதையே குடுங்க. நானே ஒரு மூட்டை. என்னைச் சுமக்கிறதே பெரிசு, பாவம் அந்தப் படகு!"

இருவரும் சிரித்தார்கள்.

மெல்லிய பை வாங்குகிறவர்களுக்குத் தராசு ஒன்றைச் செய்து காட்டுவது வழக்கம். உள்ளிருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்ற வேண்டும். வாயை இறுக்கி மூன்று தடவை மடிக்க வேண்டும். அப்புறம்தான் கொக்கியை மாட்ட வேண்டும். ஒரே மடிப்போடு விட்டால் மூழ்கிய பைக்குள் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். அன்றைக்குத் தராசின் மனைவி பல்வலியோடு பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். ஷட்டரும் பாதி இறங்கிவிட்டது. "உள்ள சீட்டு இருக்கு, படிச்சுக்குங்க" என்று சொல்லிப் பையை நீட்டிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மத்தியானத்தில் ஒரு பெண் வந்து அதே பையை மேஜைமேல் வைத்தாள்.

"இது உங்க கடையில வாங்கினதுதானே?"

தராசு விளக்கு வெளிச்சத்தில் தையலைத் தடவிப் பார்த்தார். "எங்கயும் கிழியலையேம்மா."

"அதைக் கேக்கத்தான் வந்தேன். கிழியாம எப்படித் தண்ணி உள்ள போச்சு?"

அவள் அழாமல் சொன்னாள். ஏரி நடுவில் காற்று படகைக் கவிழ்த்துவிட்டது. மிதவைச் சட்டை இருந்ததால் அவள் கணவர், அந்த லிஃப்ட் மெக்கானிக், மூழ்கவில்லை. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டே குளிர்ந்த தண்ணீரில் மணிக்கணக்காகக் கிடந்திருக்கிறார். காப்பாற்ற ஆட்கள் வந்தபோது உயிர் இல்லை. படகோடு கட்டியிருந்த பைக்குள் மாற்றுத்துணி நனைந்து ஊறியிருந்தது. அதன் நடுவே, உதவிக்கு யாரையும் கூப்பிட முடியாமல் செத்துப்போன போன்.

தராசுக்கு அந்தச் செய்தி ஞாபகம் வந்தது. பேப்பரில் நாலு வரி. படம் இல்லை. படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருந்தார்.

"காலையில பையை மூடினது நான். அவரு குளிச்சிட்டிருந்தாரு. ஒரு மடி மடிச்சு மாட்டினேன். டக்குனு சத்தம் வந்துச்சு, சரியாத்தான் மூடிட்டோம்னு நெனச்சேன்." அவள் குரல் இறங்கியது. "நான் மூடினது தப்பா? அதை மட்டும் சொல்லுங்க."

கல்லாவில் இருந்த முதலாளி நிமிர்ந்து பார்த்து, வாயைத் திறக்காதே என்று கண்ணைக் காட்டினார். பையில் ஏதோ கோளாறு இருந்திருக்கும் என்று ஒரு பொய் தராசின் நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்கும் அது ஆறுதலாக இருக்கும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"மூணு மடி மடிக்கணும்மா. அதைச் சொல்லிக் குடுக்க வேண்டியது நான். அன்னைக்கு வீட்டுக்குப் போற அவசரத்துல சொல்லல. அவருக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் பொண்ணு என்கிட்ட பேசி நாப்பது நாளாச்சு" என்றாள் கடைசியில். "தட்டை வெச்சா சாப்பிடுறா. கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டா. பையை மூடினது நான்னு அவளுக்குத் தெரியும். இப்ப என்கிட்ட சொன்னதை அவகிட்ட வந்து சொல்வீங்களா?"

முதலாளி, "வேலை நேரம்" என்று ஆரம்பித்தார். தராசு அதற்குள் கடைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

வீடு மூன்றாம் மாடியில். கதவைத் திறந்தது மகள்தான். கல்லூரியில் படிக்கிற வயது. அப்பாவின் அகன்ற முகம். அம்மாவைத் தாண்டிப் புது ஆளைப் பார்த்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. தராசு நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மனைவியின் பல்வலியைச் சொல்லவில்லை.

அவள் கடைசிவரை கேட்டாள்.

"அதைச் சொல்லிக் குடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை நிமிஷம்கூட ஆகாதும்மா."

"அரை நிமிஷம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். உதடு கோணியது. "எங்கப்பா அஞ்சு மணி நேரம் தண்ணியில கெடந்தாரு. உங்களுக்கு அரை நிமிஷம் இல்லையா? போங்க. இனிமே என் கண்ணு முன்னாடி வந்துடாதீங்க!"

அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தினாள்.

தராசு அசையாமல் நின்றார். உள்ளே ஏதோ நாற்காலி சரிந்த சத்தம். பிறகு, "அம்மா… அம்மா…" என்று மகள் விட்டு விட்டு அழைப்பது கேட்டது.

அவர் படியிறங்கினார். இரண்டாம் மாடியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சற்று நின்றார். மேலே அழுகை இன்னும் ஓயவில்லை. இப்போது அது இரண்டு குரலாகக் கேட்டது.